பழைய 4 ஸ்பீடு மேனுவல் கியர்பாக்ஸ்: இது நிஜமாவே எம்22 தானா? மார்க்கிங் பாத்து சொல்லுங்க

கிளட்ச்கால்

எல்லாருக்கும் வணக்கம். ஒருத்தர் ஒரு பழைய ஜிஎம் 4 ஸ்பீடு கியர்பாக்ஸை பாத்து முடிவு சொல்லுங்கன்னு என்கிட்ட விட்டுட்டுப் போயிருக்கார், இன்னும் காசு கொடுக்கல. அவர் சொல்றது என்னன்னா இது மன்ஸி எம்22 (மன்ஸிங்கற ஜிஎம் பெட்டில எம்20, எம்21, எம்22ன்னு வகை உண்டு), அதாவது ராக் க்ரஷர்னு சொல்வாங்களே அது, 1969 செவ்ரலே காமரோ கார்ல இருந்து கழட்டினதுன்னு. ஆதாரம் என்னன்னு கேட்டா அடியில எண்ணெய் வடிக்கிற ட்ரெயின் ப்ளக் இருக்கு பாருங்க, எம்22ல மட்டும்தான் அது வரும்ங்கிறார். வேற ஒரு பேப்பரும் கிடையாது.

எனக்கு தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன், பாடி அலுமினியம், பக்கத்துல கவர் இருக்கு, லீவர் மூணு இருக்கு. மேல எல்லாம் கிரீஸும் மண்ணும் சேர்ந்து கெட்டியா அப்பி இருக்கறதால நம்பர் எதுவும் சரியா தெரியல. எங்க தேடணும், எதை நம்பணும், எதை நம்பக்கூடாதுன்னு தெரிஞ்சவங்க சொன்னா உதவியா இருக்கும். எம்22 விலையை கொடுத்துட்டு அப்புறம் உள்ள வேற ஏதாவது இருந்தா வயிறு எரியும்.

நாலாவதுகியர்

ட்ரெயின் ப்ளக் கதையை முதல்ல தூக்கி குப்பைல போடுங்க பாஸ். எம்22க்கு ப்ளக் உண்டுங்கறது வாஸ்தவம்தான், ஆனா கடைசி வருஷங்கள்ல எம்20, எம்21லயும் ப்ளக் வந்திருக்கு. அதுவும் போக அலுமினிய கேஸ்ல ஒரு ஓட்டை போட்டு மரை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? ப்ளக் இல்லேன்னா எம்22 இல்லைன்னு சந்தேகப்படலாம், ப்ளக் இருக்கறதால எம்22ன்னு சொல்ல முடியாது.

டீசல் ஊத்தி ஊற வச்சு நல்லா கழுவிட்டு வயர் பிரஷ் போடுங்க. பஞ்ச் பண்ண நம்பர் இருக்கற இடத்துல மட்டும் பித்தளை பிரஷ், ஸ்டீல் பிரஷ் போட்டு தேய்ச்சு அழிச்சுடாதீங்க. அப்புறம் இதெல்லாம் சொல்லுங்க: சைடு கவர்ல எத்தனை போல்ட், ரிவர்ஸ் லீவர் எங்க உக்காந்திருக்கு, கேஸ்ல வார்ப்புல வந்த நம்பர் என்ன, இன்ஜின் பக்கம் நீட்டிட்டு இருக்கற இன்புட் ஷாஃப்ட்ல எத்தனை ஸ்ப்ளைன் (தண்டு மேல நீளவாக்குல இருக்கற பல்லு), அந்த ஸ்ப்ளைன் மேல சுத்தி கோடு மாதிரி பள்ளம் இருக்கா, இருந்தா எத்தனை.

ஸ்பேனர்பெட்டி

மேல சொன்னது சரி. ஆனா அதுக்கும் முன்னாடி இது மன்ஸி தானான்னே உறுதி பண்ணணும், ஏன்னா அலுமினியமா இருக்கற 4 ஸ்பீடை எல்லாம் மன்ஸின்னு சொல்ற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு.

அந்தக் காலத்து அமெரிக்கன் 4 ஸ்பீடுல முதல்ல பாக்க வேண்டியது சைடு கவரும் ரிவர்ஸ் லீவரும். இந்த ரெண்டை வச்சே பாதி முடிவு பண்ணிடலாம். சைடு கவர்ல 7 போல்ட், ரெண்டு லீவர் கவர்ல, ரிவர்ஸ் லீவர் மட்டும் தனியா பின்னால டெயில் ஹவுசிங்ல (பெட்டியோட பின் கூடு) இருந்தா அது மன்ஸி. ரிவர்ஸ் டெயில் ஹவுசிங்லயே இருக்கு ஆனா கவர்ல 9 போல்ட்னா அது போர்க் வார்னர் டி10, இல்ல அதோட தம்பி சூப்பர் டி10. டி10 முதல்ல 1957 கார்வெட்ல வந்தது, அப்புறம் ஃபோர்டு கூட 1963, 64ல டாப்லோடர் வர்றதுக்கு முன்னாடி இதைத்தான் போட்டாங்க, அதனால டி10னு தெரிஞ்ச உடனே செவ்ரலேன்னு முடிவு கட்ட முடியாது. சூப்பர் டி10 ஜிஎம் கார்ல மன்ஸி நின்னதுக்கு அப்புறம் 1974 வாக்குல வந்தது.

7 போல்ட் இருக்கு, ஆனா மூணு லீவரும் சைடு கவர்லயே இருக்கு, கேஸ் இரும்புன்னா அது சாகினா. இதைத்தான் நிறைய பேர் பெயின்ட் அடிச்சு மன்ஸின்னு தள்ளி விடுவாங்க, ஒரு காந்தம் கையில இருந்தா அந்தக் கதை அங்கயே முடிஞ்சுது. சாகினா கெட்ட பெட்டின்னு சொல்லல, சின்ன இன்ஜினுக்கு அருமையா ஓடும், பெரிய வி8 டார்க்குக்கு அது ஆள் இல்ல, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், மன்ஸிங்கறது இண்டியானால ஒரு ஊர் பேரு, ஜிஎம் தொழிற்சாலை அங்க இருந்ததால பெட்டிக்கும் அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு. ஆனா டி10 செஞ்ச வார்னர் கியரும் அதே ஊர்தான்! அதனால மன்ஸில செஞ்சதுன்னு யாராவது சொன்னா அது ரெண்டுல எதுவா வேணா இருக்கலாம். கேஸ்ல டி10னு வார்ப்பிலயே தூக்கலா எழுதி இருக்கும், பாத்தா தெரிஞ்சுடும்.

கிளட்ச்கால்

ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி பூரா கழுவினேன், இப்ப பெட்டி பளிச்சுன்னு இருக்கு. கிடைச்சதெல்லாம் சொல்றேன்.

சைடு கவர் 7 போல்ட். ரிவர்ஸ் டெயில் ஹவுசிங்ல. காந்தம் ஒட்டல. அப்ப மன்ஸிதான். கேஸ் பக்கத்துல வார்ப்பு நம்பர் 3925660. வலது பக்கம் பின்னால, டெயில் ஹவுசிங் சேர்ற இடத்துக்கு கிட்ட சின்னதா பஞ்ச் பண்ணி பி9ஈ14ஏ-ன்னு இருக்கு. அதுக்கு கிட்டவே இன்னொரு வரிசை, 29என்-னு ஆரம்பிச்சு பின்னால ஆறு எண் வருது. அதை முழுசா இங்க போடல.

இன்புட் ஷாஃப்ட் 10 ஸ்ப்ளைன், வெளிய நீட்டிட்டு இருக்கற அவுட்புட் 27 ஸ்ப்ளைன். ரெண்டு தடவை எண்ணிட்டேன். இன்புட் ஸ்ப்ளைன்ல சுத்தி ஒரே ஒரு பள்ளம் இருக்கு. சைடு கவர்ல லீவர் மாட்டற தண்டு வெளிய நீட்டிட்டு ஸ்டட் மாதிரி இருக்கு, மேல நட் போட்டு இறுக்கி இருக்கு. ப்ளக் அடியில இருக்கு.

இதை வச்சு என்ன சொல்லலாம்?

பழையகேஸ்

நல்லா எடுத்திருக்கீங்க தம்பி, பாதி பேர் போட்டோ கூட தெளிவா எடுக்க மாட்டாங்க. ஒண்ணொண்ணா பிரிச்சுப் பாக்கலாம், இது சுவாரசியமான பெட்டி.

3925660 வார்ப்பு 1968ல இருந்து 70 வரைக்கும் ஓடினது. அதுக்கு முன்னாடி 1963ல 3831704, 64, 65ல 3851325, 66, 67ல 3885010. கடைசியா 70ல தொடங்கி 74 வரைக்கும் 3925661. உங்க நம்பருக்கும் இந்த 661க்கும் கடைசி எண் ஒண்ணுதான் வித்தியாசம், அதனால கிரீஸ் மேல கண்ணாடி போடாம படிச்சா நாலஞ்சு வருஷம் தப்பாகும். ஆனா ஒண்ணு மனசுல வச்சுக்கங்க, வார்ப்பு நம்பர்ங்கறது அச்சோட நம்பர். உள்ள எந்த கியர் போட்டாங்கன்னு அது சொல்லாது, அதே கேஸ்லதான் எம்20, எம்21, எம்22 மூணும் போச்சு.

இப்ப பஞ்ச் நம்பர். பி-ன்னா மன்ஸி. 9-ன்னா 1969. ஈ-ன்னா மே மாசம். ஜிஎம் இதுல எழுத்தை வரிசையா போடல, ஜனவரி ஏ, பிப்ரவரி பி, மார்ச் சி, ஏப்ரல் டி, மே ஈ, அங்கிருந்து ஜூன் எச், ஜூலை கே, ஆகஸ்ட் எம், செப்டம்பர் பி (இது பெட்டில முதல்ல வர்ற அதே பி, பிப்ரவரியோட பி வேற எழுத்து, தமிழ்ல ரெண்டும் ஒண்ணா எழுதித் தொலைக்கறோம், பெட்டில பாத்தா குழப்பம் வராது), அக்டோபர் ஆர், நவம்பர் எஸ், டிசம்பர் டி, இதுவும் ஏப்ரலோட டி இல்ல. 14 தேதி. ஆக 1969 மே 14 செஞ்ச பெட்டி, 660 கேஸோட சரியா பொருந்துது.

கடைசில இருக்கே ஏ, அதுதான் முக்கியம். 1969 வாக்குல இருந்து கடைசில ஒரு எழுத்து சேர்த்தாங்க, ஏ-ன்னா எம்20 வைட் ரேஷியோ (கியருக்கு கியர் இடைவெளி அதிகம்), பி-ன்னா (பிப்ரவரியோட பி) எம்21 க்ளோஸ் ரேஷியோ (இடைவெளி கம்மி), சி-ன்னா எம்22. அப்ப உங்க கேஸ் தொழிற்சாலையை விட்டு வெளிய வரும்போது எம்20 தான். எம்22ங்கற பேச்சு இங்கயே படுத்துடுச்சு.

அடுத்து 29என். இதுல முதல் எண் கம்பெனி பிரிவு, 1 செவ்ரலே, 2 பாண்டியாக், 3 ஓல்ட்ஸ்மொபில், 4 ப்யூக். 9 வருஷம். என் அப்படிங்கறது ஒஹாயோல நார்வுட் ஆலை. அதாவது இந்த பெட்டி பொறந்தது ஒரு பாண்டியாக் காருக்கு, அந்த ஆலையில அப்ப ஃபயர்பேர்டு செஞ்சாங்க. காமரோவும் அங்கதான் ஓடிச்சு, ஆனா அதுல 19என்-னு தான் வரும். 69 காமரோல இருந்து கழட்டினேன்னு அவர் சொன்னது பொய்யுன்னு சொல்லல, நடுவுல யாரோ அந்த காமரோல மாட்டி ஓட்டி இருக்கலாம். ஒரிஜினலா அந்த காரோட வந்ததுன்னு மட்டும் சொல்ல முடியாது.

சரி, இதெல்லாம் ஒழுங்கா போய்ட்டு இருக்கு, இப்பதான் இடிக்குது. 66க்கு அப்புறம் வந்த இன்புட் ஷாஃப்ட்ல எம்20க்கு ரெண்டு பள்ளம், எம்21க்கு ஒரு பள்ளம், எம்22க்கு பள்ளமே கிடையாது. உங்க கேஸ் ஏ சொல்லுது, ஷாஃப்ட் எம்21ங்குது. யாரோ உள்ள கை வச்சிருக்காங்க.

இன்னொரு சாட்சியும் உங்ககிட்டயே இருக்கு, அந்த ஸ்டட். 68 வரைக்கும்தான் லீவர் தண்டு ஸ்டடா வெளிய நீட்டி நட் போடற மாதிரி வந்தது. 69ல இருந்து தண்டுக்குள்ள மரை, வெளிய இருந்து போல்ட் போடற மாதிரி மாத்திட்டாங்க. 69 மே மாசத்து பெட்டில ஸ்டட் சைடு கவர் இருக்குன்னா அது வேற பெட்டில இருந்து வந்து உக்காந்தது. அம்பது வருஷம் தாண்டின பெட்டில இது ரொம்ப சகஜம், அதுக்காக பயப்பட வேண்டாம்.

நாலாவதுகியர்

பழையகேஸ் அண்ணன் சொன்னதுல ஒண்ணே ஒண்ணு சேர்க்கறேன், பள்ளம் இல்லாத ஷாஃப்டை பாத்த உடனே எம்22ன்னு குதிக்கறவங்களுக்கு. 63ல இருந்து 65 வரைக்கும் வந்த ஷாஃப்ட்ல இந்த பள்ள கணக்கு செல்லாது. இப்ப புதுசா செஞ்சு விக்கிற கியர் செட்ல அவங்கவங்க இஷ்டத்துக்கு பள்ளம் போடறாங்க இல்ல போடறதே இல்ல. பள்ளம் ஒரு துப்பு, தீர்ப்பு இல்ல.

ஸ்ப்ளைன் கணக்கு கிளட்ச்கால் சொன்னதோட சரியா இருக்கு, 70 வரைக்கும் இன்புட் 10, அவுட்புட் 27. 71ல இருந்து இன்புட் 26, அவுட்புட் 32. எம்22க்கு மட்டும் 26 ஸ்ப்ளைன் கொஞ்சம் முன்னாடியே வந்துடுச்சு.

இரும்புப்பெட்டி

நடுவுல புகுந்து கேக்கறேன் மன்னிச்சுக்கங்க, தனியா ஒரு கேள்வி போட சோம்பேறித்தனம். என்கிட்ட இருக்கறது முழுக்க இரும்பு, தூக்கவே ரெண்டு ஆள் வேணும், பக்கத்துல கவரே இல்ல, மூணு லீவரும் கேஸ்லயே குத்தி வச்ச மாதிரி இடது பக்கம் நிக்குது. மேல ஒரு தகரம் மாதிரி மூடி. இது எந்த ஜாதி?

ஸ்பேனர்பெட்டி

@இரும்புப்பெட்டி அது ஃபோர்டு டாப்லோடர் சார், சந்தேகமே வேணாம். கியரை எல்லாம் மேல இருந்து உள்ள இறக்கறதால அந்தப் பேர். பக்கத்துல பெரிய ஓட்டை போடாததால கேஸ் வளைஞ்சு கொடுக்காது, அந்தக் காலத்து பெட்டிகள்ல என் ஓட்டு எப்பவும் இதுக்குத்தான், மன்ஸிக்காரங்க கோவிச்சுக்கட்டும்.

மேல மூடில போல்ட்டை எண்ணுங்க. 10 இருந்தா 4 ஸ்பீடு, 9 இருந்தா 3 ஸ்பீடு. இதுல ஒரு வேடிக்கை, ஃபோர்டு செஞ்ச அந்த 3 ஸ்பீடு ஹெவி டியூட்டி பெட்டியை ஜிஎம்மே வாங்கி தன்னோட சில கார்ல போட்டது, அதனால பழைய பாண்டியாக் அடியில இதைப் பாத்தா யாரோ மாத்திட்டாங்கன்னு உடனே நினைக்க வேண்டாம்.

மூடி போல்ட் ஒண்ணுல சின்ன தகட்டு டேக் தொங்கும், அதுல ஆர்யூஜி-ன்னு ஆரம்பிச்சு இன்னொரு எழுத்து வரும், அது இருந்தா எந்த காருக்கு எந்த ரேஷியோன்னு நேரா தேடிடலாம். பெரும்பாலும் யாராவது மூடியை கழட்டும்போது தூக்கிப் போட்டிருப்பாங்க. டேக் இல்லேன்னா அளந்துதான் பாக்கணும். வைட் ரேஷியோல முதல் கியர் 2.78, க்ளோஸ்ல 2.32. இன்புட் ஷாஃப்ட் 10 ஸ்ப்ளைன் தான் ரெண்டுலயும், ஆனா சாதாரணமா 1 1/16 அங்குலம் தடிமன், பிக் பிளாக்னு சொல்ற பெரிய வி8 இன்ஜினுக்கு வந்ததுல 1 3/8. அவுட்புட் 28 ஸ்ப்ளைன்னா சின்னது, 31 ஸ்ப்ளைன்னா பெரியது, 64 வாக்குல வந்த ஆரம்ப பெட்டில 25. பின்னால டெயில் நீளமும் காருக்கு கார் மாறும், மஸ்டாங் குட்டையானது, கேலக்ஸி மாதிரி பெரிய காருக்கு நீளமானது.

கேஸ்ல சி4, சி5ன்னு ஆரம்பிச்சு நடுவுல 7006ன்னு வர்ற நம்பர் இருந்தா சி-ன்னா அறுபதுகள், டி-ன்னா எழுபதுகள், பக்கத்து எண் வருஷம். 7006ங்கறது ஃபோர்டு கணக்குல கியர்பாக்ஸ் கேஸ். இதுவும் அந்த டிசைன் வந்த வருஷம்தான், உங்க பெட்டி செஞ்ச வருஷம் இல்ல.

இரும்புப்பெட்டி

அடடா, ஒரு கேள்விக்கு ஒரு பாடமே கிடைச்சுது. எண்ணிட்டு வர்றேன்.

கிளட்ச்கால்

சரி இப்ப என் பெட்டிக்கு வருவோம். கேஸ் ஒண்ணு சொல்லுது ஷாஃப்ட் ஒண்ணு சொல்லுதுன்னா நான் எதை நம்பறது? பிரிச்சுப் போடாம உள்ள என்ன ரேஷியோ இருக்குன்னு கண்டுபிடிக்க வழி இருக்கா? என் பெட்டி இல்லையே, முழுசா பிரிக்க யோசனையா இருக்கு.

பழையகேஸ்

இருக்கு. இதுக்கு சாக்பீஸ் போதும்.

பெட்டியை பெஞ்ச்ல படுக்க வைங்க. சைடு கவர்ல ரெண்டு லீவர் இருக்கு பாருங்க, முன்னால இருக்கறது 3-4, பின்னால இருக்கறது 1-2. முன் லீவரை நடுவுல நியூட்ரல்ல விடுங்க, டெயில்ல இருக்கற ரிவர்ஸும் நியூட்ரல். பின் லீவரை ஒரு பக்கம் தள்ளி கியர் விழ வைங்க. இன்புட் ஷாஃப்ட்லயும் அவுட்புட்லயும் சாக்பீஸ்ல கோடு போட்டுட்டு இன்புட்டை கையால சுத்துங்க, கூட ஒரு ஆள் அவுட்புட்டை மட்டும் பாத்துட்டு இருக்கட்டும். அவுட்புட் சரியா 10 சுத்து முடியும்போது இன்புட் எத்தனை சுத்து சுத்திச்சுன்னு எண்ணுங்க.

முதல் கியர்ல இருந்தா எம்20க்கு 25 சுத்துக்கு கொஞ்சம் மேல வரும், ஏன்னா 66க்கு அப்புறம் வந்த எம்20 முதல் கியர் 2.52. எம்21, எம்22 ரெண்டுக்குமே 22 சுத்து, 2.20. ஒரே சுத்து மட்டும் சுத்தி ரெண்டரையா ரெண்டேகாலான்னு கண்ணால மதிப்பு போட்டா ஏமாந்துடுவீங்க, அதுக்குத்தான் 10. லீவரை தப்பு பக்கம் தள்ளி ரெண்டாம் கியர் விழுந்துடுச்சுன்னா எம்20ல 19 கிட்ட வரும், எம்21ல 16 சொச்சம், அதனால எந்த கியர்ல இருக்கீங்கன்னும் தன்னால தெரிஞ்சுடும்.

22 வந்தா அடுத்த கேள்வி எம்21ஆ எம்22ஆ. அது சுத்திப் பாத்து தெரியாது, ரேஷியோ ஒண்ணுதான். சைடு கவர் 7 போல்ட்டையும் கழட்டி கவரை, கியரை நகர்த்தற ஃபோர்க்கோட வெளிய எடுத்துட்டு டார்ச் அடிச்சு பல்லோட சரிவைப் பாக்கணும். சாதாரண மன்ஸில பல்லு நல்லா சாய்ஞ்சு போகும். எம்22ல சாய்வு கம்மி, கிட்டத்தட்ட நேரா நிக்கற மாதிரி இருக்கும். பல்லு சாய்ஞ்சிருந்தா ஓட்டம் மெதுவா சத்தமில்லாம இருக்கும், ஆனா லோடு வரும்போது கியரை முன்னும் பின்னும் தள்ளுற விசை கூட வரும், அது கேஸையும் பேரிங்கையும் போட்டு அழுத்தும், சூடாகும். சாய்வைக் குறைச்சா அந்த தள்ளு குறையும், தாங்கும் சக்தி கூடும், பதிலுக்கு சத்தம். அந்த சத்தத்தை வச்சுத்தான் கல்லு உடைக்கிற மெஷின்னு பேர் வந்தது. ஒரு தடவை ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டா அப்புறம் கனவுல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடலாம்.

கவரை கழட்டறதுக்கு முன்னாடி ரெண்டு லீவரும் நியூட்ரல்ல இருக்கணும். எண்ணெய் இருந்தா கொட்டும், தட்டு வைங்க.

அதோட கையோட கையா இன்புட்ல நேரா சேர்ந்திருக்கற பெரிய கியர் இருக்கு பாருங்க, கேஸுக்குள்ள முன்னால தெரியும், அதுல பல்லை எண்ணுங்க. 66க்கு அப்புறம் எம்20ல 21 பல்லு, க்ளோஸ் ரேஷியோல 26. ஒரு பல்லுல மார்க்கர் வச்சுட்டு எண்ணுங்க, இல்லேன்னா எங்க ஆரம்பிச்சோம்னு தெரியாம சுத்திட்டே இருப்பீங்க.

போல்ட்நட்

நான் கொஞ்சம் சந்தேகப் பிராணி, அதனால இதைச் சொல்லிடறேன். பஞ்ச் நம்பரை மட்டும் நம்பி யாரும் காசு கொடுக்காதீங்க. கார் சேஸிஸ் நம்பரோட கியர்பாக்ஸ் நம்பர் ஒத்துப் போனா காரோட விலை எங்கயோ போகுதுங்கறதால பழைய நம்பரை அரைச்சுட்டு புதுசா அடிக்கிற வேலை ரொம்ப நாளா நடக்குது. வார்ப்பு நம்பர் தூக்கலா இருக்கும், அதை மாத்தறது கஷ்டம், பஞ்ச் நம்பர் குழி, அதை யார் வேணா அடிக்கலாம்.

சந்தேகம் வந்தா நம்பரைப் படிக்காதீங்க, நம்பர் இருக்கற இடத்தைப் படிங்க. சுத்தி இருக்கற வார்ப்புத் தோல் சொரசொரப்பா இருந்து நம்பர் இருக்கற இடம் மட்டும் வழுவழுன்னு இருந்தா, இல்ல கை கிரைண்டர் கோடு வளைஞ்சு வளைஞ்சு தெரிஞ்சா, இல்ல அந்த இடம் மட்டும் லேசா பள்ளமா இருந்தா எழுந்து வந்துடுங்க. புதுசா செஞ்ச கேஸும் சந்தைல கிடைக்குது, அதுல எது வேணா அடிச்சுக்கலாம். ஆனா கிளட்ச்கால் கேஸ்ல ஏமாத்தணும்னு நினைச்சவன் சி-ன்னு தானே அடிச்சிருப்பான், ஏ-ன்னு ஏன் அடிக்கப் போறான், அதனால உங்க நம்பர் உண்மையாத்தான் இருக்கும் 😄

இன்னொண்ணு, அலுமினியம்னாலே உசத்தின்னும் நினைக்க வேண்டாம். க்ரைஸ்லருக்கு நியூ ப்ராசஸ் கியர் செஞ்ச ஏ833 ஆரம்பத்துல இரும்பு கேஸ்தான், ஹெமி, 440 மாதிரி பெரிய இன்ஜினுக்கு போனதுல இன்புட் 18 ஸ்ப்ளைன், மத்ததுல 23. அதே ஏ833ல 1975ல இருந்து ஓவர்டிரைவ் வெர்ஷன் அலுமினிய கேஸ்லயும் வந்தது, பெட்ரோல் மிச்சம் பண்ண செஞ்ச பெட்டி அது, முதல் கியர் 3.09. எண்பதுகள்ல ஜிஎம் டிரக்ல கூட இதைப் போட்டாங்க. அதைத் தூக்கிட்டு வந்து ஹெமி 4 ஸ்பீடுன்னு விக்கறவங்களும் இருக்காங்க.

கிளட்ச்கால்

செஞ்சுட்டேன், முடிவு இதோ.

அவுட்புட் 10 சுத்துக்கு இன்புட் 22. திரும்பவும் செஞ்சு பாத்தேன், அதேதான், கோடு கிட்டத்தட்ட அதே இடத்துல வந்து நிக்குது. சைடு கவரை கழட்டினேன். இன்புட் கியர்ல 26 பல்லு. பல்லு நல்லாவே சாய்ஞ்சிருக்கு, நேரா நிக்கற மாதிரி எல்லாம் இல்ல, கீழ இருக்கற கவுன்டர் கியரும் அதே சாய்வு. ஆக எம்20 கேஸ்ல எம்21 கியர், 69க்கு முந்தின சைடு கவர். பல்லு எங்கயும் உடையல, முனை மட்டும் ரெண்டாம் கியர்ல கொஞ்சம் மழுங்கி இருக்கு, சின்க்ரோ வளையம் (கியர் விழும்போது வேகத்தை ஒத்துப் போக வைக்கிறது) தேய்ஞ்சிருக்கும் போல.

நம்பர் இருக்கற இடத்தையும் போல்ட்நட் சொன்ன மாதிரி பாத்தேன், சுத்தி இருக்கற மாதிரியேதான் இருக்கு, அரைச்ச அடையாளம் இல்ல.

இப்ப கேள்வி, இதை வாங்கலாமா?

போல்ட்நட்

எம்22 விலைக்கு கண்டிப்பா வேண்டாம். ஒரிஜினல் நம்பர் வேணும்னு தேடறவங்களுக்கும் இது ஆகாது. என்னைக் கேட்டா விட்டுடுங்க.

பழையகேஸ்

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஓட்டறதுக்கு வாங்கறீங்களா காட்சிக்கு வைக்க வாங்கறீங்களாங்கறதைப் பொறுத்து இருக்கு. ஓட்டறதுக்குன்னா கேஸ்ல என்ன எழுத்து இருந்தா என்ன, நல்ல எம்21 கியர் செட் முழுசா உள்ள இருக்கு, இன்புட்டும் கவுன்டர் கியரும் ஜோடியா மாத்தி இருக்காங்கன்னு சாய்வும் ரேஷியோவும் சொல்லுது. அதை எம்21 விலையில இருந்து இன்னும் கொஞ்சம் இறக்கிக் கேக்கலாம், ஏன்னா கேஸ் நம்பர் ஒத்து வரல, சின்க்ரோ வேலையும் இருக்கு.

ஆனா உங்க டிஃபரன்ஷியல் ரேஷியோ என்னன்னு முதல்ல பாருங்க. க்ளோஸ் ரேஷியோ பெட்டிக்கு முதல் கியர் உயரமா இருக்கும், பின்னால 3.08 மாதிரி இருந்தா ஒவ்வொரு சிக்னல்லயும் கிளட்சை எரிச்சுத்தான் கிளம்பணும். 3.73, 4.10 இருந்தா சுகம். சாதாரணமா ரோட்டுல ஓட்டற காருக்கு எம்20 தான் தோதுன்னு நான் சொன்னா இளவட்டங்களுக்குப் பிடிக்காது, இருந்தாலும் அதுதான் உண்மை.

காசு கொடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. கேஸ் முன் பக்கம் கீழ கவுன்டர் ஷாஃப்ட் பின் முனை தெரியும். 66ல இருந்து அது 1 அங்குலம், அதுக்கு முந்தினது 7/8. உங்க கேஸுக்கு 1 அங்குலம் இருக்கணும். அளவை விட முக்கியம், அந்தப் பின்னைச் சுத்தி அலுமினியத்துல எண்ணெய் கசிஞ்ச கறை இருக்கா, பின் அசையுதான்னு பாருங்க. மன்ஸில அடிக்கடி சாகற இடம் அதுதான், ஓட்டை முட்டை வடிவத்துக்குத் தேய்ஞ்சுடும். அங்க ஆட்டம் இருந்தா கியர் எவ்வளவு நல்லா இருந்தாலும் கேஸ் போச்சு, அப்ப போல்ட்நட் சொல்றதைக் கேளுங்க.

ஷிஃப்டர் லிங்கேஜ் வாங்கும்போது ஸ்டட் டைப் கவருக்குன்னு சொல்லி வாங்குங்க. 69ன்னு மட்டும் சொன்னீங்கன்னா போல்ட் டைப் லீவரைக் கொடுத்து அனுப்பிடுவாங்க.

கிளட்ச்கால்

பின் 1 அங்குலம்தான், வெர்னியர் வச்சு பாத்தாச்சு. ஆட்டம் இல்ல, சுத்தியும் காஞ்சு கிடக்கு. என் காருக்கு பின்னால 3.73. அவர்கிட்ட பல்லு, சுத்து கணக்கு, பாண்டியாக் நம்பர் எல்லாத்தையும் போட்டோவோட அனுப்பினேன், ரொம்ப நேரம் பதிலே இல்ல, அப்புறம் எம்21 விலைக்கே எடுத்துக்கங்கன்னார். இன்னும் கொஞ்சம் இறக்கச் சொல்லி இருக்கேன், சின்க்ரோவைக் காட்டி.

இரும்புப்பெட்டி

10 போல்ட். டேக் இல்ல. அவுட்புட் 31, இன்புட் 1 3/8. ரெண்டு பேர் சேர்ந்து மூணு தடவை எண்ணினோம்.

ஸ்பேனர்பெட்டி

@இரும்புப்பெட்டி சார் அதை யார்கிட்டயும் காட்டாதீங்க, பத்திரமா துணி போட்டு மூடி வைங்க, பிக் பிளாக் பெட்டி அது. தனியா ஒரு கேள்வியா போடுங்க, வார்ப்பு நம்பர் போட்டோவோட. சாக்பீஸ் கணக்கு இதுக்கும் அதேதான், 10 சுத்துக்கு 23 கிட்ட வந்தா க்ளோஸ், 28 கிட்ட வந்தா வைட்.